மாப்பிள்ளை வண்டிக்குள் போம்ப்

எண்பதாம் வருஷத்துக்குச் சற்று முன்னே பின்னே இருக்கும். வைகாசி மாதம். என் தங்கச்சி கல்யாணத்துக்கு முதல் நாள், பிற்பகல் மூன்று மணி. இடம், புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்துப் பக்கம், மாப்பிள்ளை வீட்டு வாசல். வருஷம் எது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. எந்த வருஷம் எந்த வண்டி ஓட்டினேன் என்றுதான் எனக்கு ஞாபகம் இருக்கும். அது பச்சைக் கார் ஓட்டிய வருஷம். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மாமா, காரோட கலர்லாம் வேணாம், விஷயத்துக்கு வாங்க" என்கிறாள். காரைச் சொல்லாமல் விஷயத்துக்கு எப்படி வருவது?

அப்போது நான் ஒரு சொல்தா வீட்டில் டிரைவர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்தா என்றால் புரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, எந்தெந்த தேசத்திலோ இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊர் திரும்பிய நம்ம ஆட்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். என் முதலாளி அப்படி வந்தவர். பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி, அவரை எல்லாரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேசுவது தமிழ்தான். ஆனால் சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி நடுவில் ஒரு பிரெஞ்சு வார்த்தை வந்து விழும். பம்பு என்று அவர் வாயில் வராது. போம்ப் என்பார். கிணற்றில் தண்ணீர் இறைப்பதும் போம்ப், சைக்கிளுக்குக் காற்றடிப்பதும் போம்ப். எங்களுக்குக் காது பழகிவிட்டது.

அந்தக் கார் அமெரிக்காக்காரன் செய்தது. மெட்ராஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. இடது பக்கம் ஸ்டியரிங். அகலம் எவ்வளவு என்றால், எங்கள் தெருவில் அது வந்தால் எதிரே வருகிற ரிக்‌ஷா ஏதாவது ஒரு வீட்டு வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். அதில் நம்ம ஊர் வண்டி எதிலும் இல்லாத ஒரு சாமான் இருந்தது. இன்ஜினுக்கு முன்னால் உரித்த தேங்காய் அளவில் ஒரு பம்பு. தனி பெல்ட் போட்டுச் சுற்றும். வெளிக்காற்றை இழுத்து, புகை போகிற குழாய்க்குள் தள்ளும். புகையில் எரியாமல் மிச்சம் இருக்கிற பெட்ரோல் அந்தக் காற்றுப் பட்டு எரிந்துவிடுமாம். வெளியே வருகிற புகை சுத்தமாக இருக்குமாம். அந்த ஊரில் அப்படி ஒரு சட்டமாம். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்தது ஒன்றுதான். அது கத்தும்.

வண்டி நிற்கும்போது தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி 'ஙீ' என்று ஒரு சத்தம். ஓடும்போது கால் எடுத்தால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு. மார்க்கெட்டில் ஒரு மீன்காரம்மா, "உங்க முசே காரு கோயிலாண்ட திரும்பும்போதே எனக்குக் கேட்டுடும், வஞ்சிரத்த எடுத்து தனியா வச்சிடுவேன்" என்பாள். காரோடு ஒரு தடிப்புத்தகம் வந்திருந்தது. முழுக்க இங்கிலீஷ். முசே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, அதை ரொம்ப நேரம் புரட்டுவார். பிறகு ஒரு படத்தில் விரலை வைத்து, "இதான், இந்த போம்ப்தான்" என்பார். நானும் பார்த்துவிட்டு, "ஆமா முசே, இதேதான்" என்பேன்.

இனி தங்கச்சிக்கு வருகிறேன். எங்களுக்கு அப்பா இல்லை. கருவடிக்குப்பத்தில் சின்ன வீடு. தங்கச்சிக்கு இருபத்தேழு வயது ஆகிவிட்டது. அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய வயது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு சம்பந்தம் பேசி முடிகிற மாதிரி வந்து தட்டிப்போனது. மூன்றாவதாக வந்ததுதான் இது. மாப்பிள்ளை டவுனில் மில் வேலை, குடும்பத்துக்குத் தவளக்குப்பத்துப் பக்கம் நிலம். நல்ல மனுஷர்கள். பயம் ஒரே ஒருவரிடம்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன். நிச்சயத்துக்குப் புறப்பட்டவர், எதிரே விறகுச் சுமை வந்தது என்று அரியாங்குப்பத்தோடு திரும்பிப் போய்விட்டார். மறுபடி அவரைக் கிளப்ப ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதம் என் தங்கச்சி சரியாகச் சாப்பிடவில்லை.

அவர்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. "மாப்பிள்ளைய கார்ல வந்து அழைச்சிக்கினு போவணும். ஊரு பாக்கணும்" என்றார் மாமன்.

முசேயிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "காரு என்னா, நானே வரேன். மெடல் எல்லாம் குத்திக்கினு முன்னாடி உக்காந்துக்கறேன்" என்றார். அப்புறம், "போம்ப் ரொம்ப கத்துதே. மெட்ராசுக்கு எடுத்துக்கினு போயி காட்டிடலாமா?" என்று கேட்டார்.

"எதுக்கு முசே? எனக்குத் தெரியாத பம்பா?"

இந்த வாய்தான் சொன்னது. அந்தப் பம்புக்குள் என்ன இருக்கிறது என்று அதற்கு முன்னால் நான் ஒரு தடவை கூடத் திறந்து பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்று இருந்தது. மாட்டு வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால் அச்சில் விளக்கெண்ணெய் விடுவார்கள். சத்தம் நின்றுவிடும். சக்கரம் சுற்றுகிறது, பம்பும் சுற்றுகிறது, என்ன பெரிய வித்தியாசம்? கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் கால் பாட்டில் விளக்கெண்ணெய் ஊற்றினேன். இன்ஜினைப் போட்டேன். சத்தமே இல்லை. அன்றைக்கு நான் டீக்கடையில் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். அமெரிக்காக்காரனுக்கே வராத யோசனை என்றெல்லாம் பேசினேன். முசேயிடம் மட்டும் எண்ணெய் விஷயத்தைச் சொல்லவில்லை. "சரி பண்ணிட்டேன்" என்றேன். அவர் என் தோளைத் தட்டினார்.

மாப்பிள்ளை அழைக்கப் புறப்படும்போது தங்கச்சி வாசலில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள். "அண்ணே, கத்துனாலும் பரவால்ல. போயி அழைச்சிக்கினு வந்துடு."

"எங்க கத்துது? கேளு" என்று பெருமையாக இன்ஜினைப் போட்டுக் காட்டினேன்.

அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பாலம் தாண்டியதும் பின்னால் வெள்ளையாகப் புகை. கூடவே ஒரு வாடை. முசே மூக்கை உறிஞ்சி, "எங்கயோ ஆமணக்கு வறுக்கறாங்க" என்றார். நான் வேகத்தைக் கூட்டினேன். விளக்கெண்ணெய் இன்ஜின் சூட்டில் பிசினாக இறுகி, பம்புக்குள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிறுத்தும்போது அது போட்ட கூச்சல் இருக்கிறதே, முன்னே போட்டதெல்லாம் தாலாட்டு. வாசலில் நாற்பது பேர். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

முசே மெடல் மின்ன இறங்கினார். மாப்பிள்ளையைப் பின் சீட்டில் உட்கார வைத்தார்கள். நான் புகை எங்கே வருகிறது என்று பார்க்க வண்டிக்குப் பின்னால் போனேன். அங்கே நின்றபடி முன்னால் நடந்த பேச்சைக் கேட்டேன்.

மாமன் கேட்டார். "என்னாங்க அது, வண்டிக்குள்ள சத்தம்?"

"போம்ப்" என்றார் முசே. "ஒண்ணும் இல்ல. உள்ள ஒரு போம்ப் இருக்குது."

மாமன் காதில் அது பாம்பு என்று விழுந்துவிட்டது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். "உள்ளயா? எப்பலேருந்து?"

"நான் வாங்கும்போதே இருந்திச்சி. அமெரிக்காலேருந்து வண்டியோடவே வந்தது."

"அமெரிக்கா பாம்பா?"

"ஆமா. யாரையும் ஒண்ணும் பண்ணாது. கத்தும், அவ்ளோதான்."

"தீனி?"

பெட்ரோல் குடிக்குமா என்று கேட்பதாக முசே நினைத்துக்கொண்டார். "அதுக்கு எதுக்கு தீனி? காத்துதான். காத்த இழுக்கும், காத்த உடும். நம்ம தம்பிதான் தெனம் அத பாத்துக்கறான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. முதலில் சத்தத்தை நிறுத்தலாம் என்று ஓடிவந்து சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது. நிற்கும்போது உள்ளே மிச்சம் இருந்த காற்று வெளியே வந்தது. நல்ல நீளமாக, 'புஸ்ஸ்ஸ்' என்று.

"டேய், எறங்குடா, வண்டிக்குள்ள பாம்பு" என்றார் மாமன்.

மாப்பிள்ளைக்கு அந்தக் காரின் கதவைத் திறக்கத் தெரியவில்லை. ஜன்னல் வழியாக மாலையோடு பாதி ஆள் வெளியே வந்துவிட்டார். மீதி ஆள் உள்ளே மாட்டிக்கொண்டது. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஆள் வந்துவிட்டார், வேட்டி வர மறுத்தது. அதற்குள் நாலு பேர் கழி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நல்லதா சாரையா என்று ஒருவர். கல்யாண வீட்டில் அடிக்கக் கூடாது, பால் வைத்து வெளியே வரவழைக்க வேண்டும் என்று இன்னொருவர். முசே என்னைப் பார்த்து, "எதுக்கு தம்பி கழி எடுக்கறாங்க? போம்ப அடிச்சா சத்தம் நின்னுடுமா?" என்றார்.

அது வரைக்கும் எனக்கு வேடிக்கைதான். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்.

"இது சாதாரண சகுனம் இல்ல. புறப்பாட்ட நிறுத்துங்க. நாளைக்கு முகூர்த்தம் ஆவாது. ஜோசியர பாத்துட்டு சொல்லி அனுப்பறோம்."

விறகுச் சுமைக்கே ஒரு மாதம். பாம்புக்கு எத்தனை மாதம்? அங்கே கருவடிக்குப்பத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. தங்கச்சி கையில் மருதாணி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாம்பு இல்லை, பம்பு என்று அந்த நிமிஷமே என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. சொன்னால் அடுத்து, அது ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்பார்கள். பக்கத்தில் முசே நிற்கிறார். சரி பண்ணிவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். தங்கச்சி கல்யாணம் ஒரு பக்கம், என் டிரைவர் பெருமை ஒரு பக்கம் என்று நான் எடை போட்டுக்கொண்டு நின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் வாயைத் திறந்தேன். "மாமா, பாம்பு இல்லீங்க. பம்பு. முசே பிரெஞ்சுல சொல்றாரு."

"கல்யாணம் நின்னுடுமேன்னு கத உடற" என்றார் மாமன். "பம்புன்னா தண்ணி வரணும் இல்ல? எங்க தண்ணி? புஸ்ஸுனு சீறுனத நானே இந்தக் காதால கேட்டேன்."

"அது காத்து பம்புங்க."

"காத்துக்கு எதுக்குடா பம்பு? காத்துதான் சும்மா அடிக்குதே."

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத்தான் சொன்னேன். "அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. உள்ள என்னா இருக்குன்னும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி முசேகிட்ட சொல்லிட்டு, அதுக்குள்ள எண்ணைய ஊத்திட்டேன். அதான் இப்பிடி கத்துது. தப்பு என்னுது."

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"இன்னாத்த ஊத்தன?"

மாப்பிள்ளையின் அக்கா. என் வயதுதான் இருக்கும். பட்டுப்புடவை, கையில் ஆரத்தித் தட்டு. புருஷன் வெளியூர் வேலை. நிலத்தில் தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜினைத் தினமும் கைப்பிடி போட்டுச் சுற்றி ஓட்டுவது இந்தம்மாதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

"விளக்கெண்ண" என்றேன்.

"அதான பாத்தேன். மூஞ்சியிலயே வழியுது."

அத்தனை பேரும் சிரித்தார்கள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தட்டைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். "பானெட்ட தூக்கு. இன்ஜின போடு" என்றார். நான் போட்டேன். எல்லாரும் பயந்து பின்னால் நகர்ந்தார்கள். பாம்பு அடிக்க எடுத்து வந்த கழியில் ஒன்றை வாங்கி, ஒரு முனையைப் பம்பின் மேல் வைத்து, மறு முனையைக் காதில் வைத்துக் கேட்டார். அப்படிக் கேட்டால் எது கத்துகிறது என்று தனியாகத் தெரியும். டிரைவர் என்று பேர், எனக்கு அது தெரியாது.

"பேரிங்கு போயிருக்குது. நம்ம இன்ஜின் மாசி மாசம் இப்படித்தான் கத்திச்சி" என்றார். மாமனைத் திரும்பிப் பார்த்து, "வந்து காத குடு மாமா. கடிக்காது" என்றார்.

மாமன் வந்தார். கழியைக் காதில் வைத்தார். ரொம்ப நேரம் கேட்டார். நிமிர்ந்து, "பேரிங்குதான். நான் அப்பவே நெனச்சேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் மறுபடி ஜோசியரிடம் போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்ஜினை நிறுத்தினேன். உடனே பெல்ட்டை அறுத்துவிடலாம் என்று வாழை இலை நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அந்தம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏங்க டிரைவரு, எந்த பெல்ட்ட அறுக்கற? அது ஃபேனுக்குப் போறது. அத அறுத்துட்டு அரியாங்குப்பம் தாண்டுவியா நீ?"

பார்த்தேன். இரண்டு பெல்ட் இருந்தது. நான் கத்தி வைத்தது தப்பான பெல்ட்டில். அந்தம்மா விரலால் ஒவ்வொரு பெல்ட்டாகத் தடவிக்கொண்டே போய், எது எங்கே சுற்றுகிறது என்று பார்த்தார். பம்பு பெல்ட்டில் வேறு எதுவும் இல்லை. "நல்ல பெல்ட்டு, எதுக்கு அறுக்கணும்?" என்று சொல்லி, மோட்டார் கொட்டகையிலிருந்து ஸ்பானர் எடுத்துவரச் சொன்னார். போல்ட்டை நான் தளர்த்தினேன். பெல்ட் கழன்று வந்தது. மறுபடி இன்ஜின் போட்டோம். பம்பு சுற்றவில்லை. 'ஙீ' இல்லை, 'புஸ்' இல்லை. நாதஸ்வரக்காரர் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

நான் முசே முன்னால் போய் நின்றேன். தலை நிமிரவில்லை. அவர் பிரெஞ்சில், "செ பா கிராவ்" என்றார். பரவாயில்லை என்பதை அவர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நான் மட்டும் என்னா? அந்த புஸ்தகத்த மாசக்கணக்கா படிக்கற மாதிரி உக்காந்திருந்தேன். எனக்கு இங்கிலீஷ் எங்க தெரியும்?"

இரண்டு பேரும் காரின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தோம். அவர் மெடல்கள் கிணுகிணுத்தன.

மாப்பிள்ளை இன்னொரு வேட்டி கட்டிக்கொண்டு வந்து ஏறினார். மாமன் முன் சீட்டில் முசேக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். அகலமான கார் என்று சொன்னேனே, தாராளமாக இடம் இருந்தது. டவுன் வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும், "என்னா தம்பி, அமெரிக்கா பாம்பு தூங்குதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விளக்கெண்ணெய் வாடை மட்டும் கூடவே வந்தது. கருவடிக்குப்பத்தில் பந்தலுக்கு முன்னால் கார் நின்றபோது, ஜன்னலுக்குப் பின்னால் தங்கச்சி முகம் தெரிந்தது. ஏன் இவ்வளவு தாமதம் என்று அவளுக்கு யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் குறித்த நேரத்துக்குத் தாலி கட்டினார்கள்.

அடுத்த வாரம் முசேயும் நானும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, இங்கிலீஷ் தெரிந்த ஒரு வாத்தியாரிடம் போனோம். பம்பு படம் இருந்த பக்கத்தில், தடித்த எழுத்தில் போட்டிருந்ததாம்: இதற்கு எண்ணெய் விடக்கூடாது. இத்தனை நாளாக அந்த வரிக்குப் பக்கத்தில்தான் முசே விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். புது வண்டியில் தெரியாத சாமான் எதைப் பார்த்தாலும், "இது எனக்குத் தெரியாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். நாற்பது பேர் நடுவில் தங்கச்சி கல்யாணம் நிற்கப் பார்த்த பிறகுதான் அந்த ஒரு வார்த்தை என் வாயில் வந்தது. சொல்லி முடித்ததும் உடம்பே லேசான மாதிரி இருந்ததே, இவ்வளவு சின்ன வார்த்தையைச் சொல்லவா அத்தனை நாள் பயந்தோம் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.